சுவருக்குள் கோளாறு: சிக்னல் டிடெக்டரா, மீட்டரா, மெகரா?

ஒரு அறையில் மட்டும் லைட் எரியவில்லை. அல்லது எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) தூக்கிய நொடியே விழுகிறது. பல்பு, ஹோல்டர், சுவிட்ச் எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது சுவருக்குள் ஓடும் வயர்தான். இந்தக் கட்டத்தில் பலருக்கும் வரும் யோசனை, சுவர் மேல் நகர்த்தினால் ‘பீப்’ என்று காட்டிக்கொடுக்கும் ‘சிக்னல் டிடெக்டர்’ என்ற கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிவிடலாமா என்பது.

வாங்கலாம். ஆனால் அந்தப் பெயரில் விற்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கருவிகள். அவை எதுவுமே நேரடியாகக் கோளாறைத் தேடுவதில்லை. வயரைத் தேடுகின்றன, அதுவும் அந்த வயரில் ஏதாவது ஒரு சிக்னல் இருந்தால். வயர் அறுந்த இடத்தில் சிக்னல் நின்றுபோகும் என்பதால் அறுந்த வயருக்கு அருமையாகப் பயன்படும். ஷார்ட்டுக்கு அரைகுறை. ஈரத்தால் வரும் கசிவுக்கு அநேகமாகப் பயனே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், பெட்டியிலும் எழுதியிருக்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் கோளாறின் வகை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓப்பன் என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஜாயின்ட் கழன்றிருக்கிறது. எதுவும் டிரிப் ஆகாது. சும்மா வேலை செய்யாது. ஷார்ட் என்றால் ஃபேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்), அல்லது ஃபேஸும் எர்த்தும் ஒட்டிக்கொண்டன. எம்சிபி உடனே விழும். லீக்கேஜ் என்றால் இன்சுலேஷன் பலவீனமாகிக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. கசிவை உணரும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச்தான் விழும், அதுவும் சில நேரம் மட்டும். நான்காவது லூஸ் கனெக்‌ஷன்: லைட் மினுக்கும், சாக்கெட் சூடாகும், கரண்ட் ஓடாதபோது எந்த மீட்டரை வைத்தாலும் ‘எல்லாம் சரி’ என்று காட்டும்.

லீக்கேஜில் ஒரு துணைவகை உண்டு, பலரையும் குழப்புவது. நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் ஒற்றை போல் எம்சிபியை இறக்கி வைத்திருந்தாலும் ஆர்சிசிபி விழும். எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே இணைந்திருப்பதால், வேறு சர்க்யூட்டுகளின் ரிட்டர்ன் கரண்டில் ஒரு பங்கு இந்த வழியே எர்த்துக்கு ஓடிவிடும். ‘ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை’ என்று சொல்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது அளவுகோல், லைனில் கரண்ட் இருக்கும்போது வேலை செய்யும் கருவியா, அணைத்த பிறகா. மூன்றாவது, வயர் எதற்குள் ஓடுகிறது: பூச்சுக்கு அடியிலா, பிவிசி பைப்பிலா, இரும்பு பைப்பிலா. நான்காவது, எவ்வளவு துல்லியம் வேண்டும். எந்த இரண்டு ஜங்ஷன் பாக்ஸுக்கு நடுவில் என்று தெரிந்தால் போதுமா, உளி வைக்கும் இடமே தெரிய வேண்டுமா? பைப்பில் ஓடும் வயருக்கு முதலாவது போதும். பூச்சில் நேரடியாகப் பதித்த கேபிளுக்கு இரண்டாவது தேவை. விலையை நான் கடைசியில்தான் வைப்பேன். தவறான இடத்தில் சுவரை உடைத்தால் ஆகும் பூச்சு, பெயின்ட் வேலைக்கு முன்னால் கருவியின் விலை பெரிதில்லை.

## டெஸ்டர் பேனா: தொடாமல் கரண்டைக் காட்டுவது

ஏசி லைனைச் சுற்றியுள்ள மின்புலத்தை, நம் உடம்பு வழியாகத் தரையோடு ஏற்படும் கொள்திறனை (கெப்பாசிட்டன்ஸ்) வைத்து உணர்வது இதன் வேலை. வயரின் தோலை உரிக்க வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம். உடம்பு வழியே கரண்ட் ஓடினால்தான் எரியும் பழைய நியான் டெஸ்டரைவிட இது எவ்வளவோ மேல்.

இதை வைத்துச் செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று நியூட்ரல் அறுந்ததைப் பிடிப்பது. சாக்கெட்டில் ஃபேஸ் துளையில் பீப் வருவது சரி. நியூட்ரல் துளையிலும் வந்தால், அதற்கு முன்னால் எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஆன் செய்து வைத்த ஏதோ ஒரு லோடு (பல்பு, ஃபேன் போன்றது) வழியாக ஃபேஸ் திரும்பி நியூட்ரல் வயருக்கே வந்து நிற்கிறது. லைட் எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கைவைப்பவர்களுக்கு இதுதான் ஆபத்து. ஒவ்வொரு சாக்கெட்டாகப் பார்த்துப்போனால் எதுவரை நியூட்ரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த இரண்டு பாக்ஸுக்கு நடுவில் தேடினால் போதும்.

குறைகளும் நிறைய. தூரம் மிகக் குறைவு, பூச்சு கொஞ்சம் கனமாக இருந்தாலே உள்ளே இருப்பதைக் காட்டாது. இரும்பு பைப் மின்புலத்தை மறைத்துவிடும். ஃபேஸ் ஓடும் வயருக்குப் பக்கத்தில் எதிலும் சேராமல் கிடக்கும் வயர்கூட ‘கரண்ட் இருக்கு’ என்று கத்தும். நேர்மாறாக, காய்ந்த மர ஏணி மேல் நின்றுகொண்டு பிடித்தால் கரண்ட் இருந்தும் பேசாமல் இருக்கக்கூடும். டிசி லைன்களில் வேலையே செய்யாது. ‘பீப் வந்தால் ஜாக்கிரதை’ என்று எடுத்துக்கொள்ளலாம். ‘பீப் வரவில்லை, தொடலாம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

## டோனர்: சத்தம் அனுப்பித் தேடுவது

தொலைபேசி லைன்மேன்கள் கையிலிருந்து வந்த கருவி. இரண்டு பாகம். ஒன்று, வயரில் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஏறி இறங்கும் ஒலிச் சிக்னலை ஏற்றும் பெட்டி. மற்றது, அந்தச் சிக்னலைத் தொடாமலே பிடித்து ஸ்பீக்கரில் கேட்க வைக்கும் குச்சி. சாதாரண டோனரை மெயின்ஸ் கரண்ட் உள்ள லைனில் மாட்டக் கூடாது. கருவி போகும், ஆளுக்கும் ஆபத்து.

அறுந்த வயருக்கு இது பொருத்தமான கருவி. சர்க்யூட்டை அணைத்து, இரண்டு முனையையும் கழற்றி, ஒரு கிளிப்பைச் சந்தேக வயரிலும் மற்றதை எர்த்திலும் மாட்ட வேண்டும். குச்சியோடு சுவர் மேல் போனால், சத்தம் சட்டென்று விழும் இடத்தில் வயர் அறுந்திருக்கிறது. சத்தம் பக்கத்து வயர்களுக்கும் தாவும் என்பதுதான் தொல்லை. அறுந்த இடத்தைத் தாண்டியும் கூடவே ஓடும் வயர் ‘பாடிக்கொண்டே’ இருக்கும். அதே பைப்பில் உள்ள மற்ற வயர்களை, அவற்றிலும் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எர்த்தோடு இணைத்துவிட்டால் இந்தத் தாவல் வெகுவாகக் குறையும். இந்த ஒரு படியைச் செய்யாமல் டோனரைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

ஷார்ட்டுக்கு இதை நம்ப வேண்டாம். ஷார்ட் ஆன இரண்டு வயர்களிலும் சிக்னல் போய்த் திரும்புகிறது. பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். குச்சிக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

டேட்டா கேபிள், தொலைபேசி, அழைப்பு மணி, கேமரா லைன் போன்றவற்றில்தான் வேலை அதிகம் என்றால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். நெட்வொர்க் ஆட்களுக்கு இது தினசரிக் கருவி. எலெக்ட்ரிக்கல் வேலைக்கு எப்போதாவது.

## வயர் டிரேசர்: டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும்

டோனரின் தொழில்முறை அண்ணன். பல கிலோஹெர்ட்ஸ் அளவில், வீட்டுச் சத்தங்களோடு கலக்காத சிக்னலை அனுப்பி, ரிசீவரின் திரையில் அதன் பலத்தை எண்ணாகக் காட்டும். நல்ல மாடல்கள் கரண்ட் உள்ள லைனிலும் வேலை செய்யும். வாங்கும் முன் அதன் வோல்ட் அளவையும், எம்சிபிகள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் பயன்படுத்துவதாக இருந்தால் கேட் 3 (CAT III) பாதுகாப்புத் தரம் போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவியின் வெற்றி தோல்வி ரிட்டர்ன் பாதையில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை ஒரே சாக்கெட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மாட்டினால், மேலே டோனருக்குச் சொன்ன அதே காரணத்தால் சிக்னல் பலவீனமாகிவிடும். ஆழமாக உள்ள வயர் தெரியவே தெரியாது. தேடும் வயரில் ஒரு முனை, மறுமுனைக்கு அந்தப் பைப்பில் வராத, தள்ளி இருக்கும் வேறொரு எர்த் என்று மாட்டினால் போகும் பாதையும் திரும்பும் பாதையும் பிரிந்துவிடும். அதே கருவி, அதே சுவர், காட்டும் எண் மட்டும் பல மடங்கு ஏறும். இந்த நீள வயரையும் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்பதை விளம்பரப் படங்களில் காட்டுவதில்லை.

அறுந்த வயரை விரலளவு நெருக்கத்தில் காட்டும். எந்த எம்சிபி எந்த சாக்கெட்டுக்கு என்பதையும் சொல்லும். அது மட்டும்தான் தேவை என்றால் சாக்கெட்டில் செருகும் மலிவான பிரேக்கர் ஃபைண்டரே போதும். அதை வைத்து எம்சிபி வரிசையை முதல் தடவை வருடுவது அளவு பிடிக்க மட்டும். இரண்டாம் தடவை வருடும்போது காட்டுவதுதான் பதில். பலர் முதல் பீப்பையே நம்பி வேறு சர்க்யூட்டை அணைத்துவிடுகிறார்கள்.

ஷார்ட்டில் டிரேசர் சிரமப்படும். வயர்கள் பைப்பில் சற்று விலகி ஓடினால் ஓரளவு பிடிக்கலாம், ஒரே உறைக்குள் ஒட்டிய கேபிளில் கஷ்டம். ஈரக் கசிவில் வெறுங்கைதான். பல ஆயிரம் ஓம் தடை உள்ள கசிவு, டிரேசர் சிக்னலுக்கு ஒரு பொருட்டே அல்ல. கோளாறு இடத்தைக் கண்டுகொள்ளாமல் அது பாட்டுக்கு வயரின் கடைசிவரை போய்விடும். மாதம் நாலு வீட்டில் தேடுபவருக்கு இது முதலீடு. ஒரு வீட்டுக்காக வாங்குவது வீண்; வாடகைக்கு எடுக்கலாம், இல்லை வைத்திருப்பவரைக் கூப்பிடலாம்.

## மல்டிமீட்டர்: பழையது, ஆனால் கணக்குப் போடத் தெரிந்தால்

சிக்னல் கருவிகளைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் அலட்சியமாகத் தாண்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோளாறு எந்த வகை என்று சொல்லும் முதல் கருவி இதுதான். தூரத்தைக்கூடச் சொல்லும்.

அறுந்த கேபிளுக்குக் கொள்திறன் அளவு. இரண்டு முனையிலும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அறுந்த வயருக்கும் பக்கத்து நல்ல வயருக்கும் நடுவில் கொள்திறனை அளக்க வேண்டும், முதலில் இந்த முனையிலிருந்து, பிறகு அந்த முனையிலிருந்து. ஒரு பக்கம் 1.2 நானோஃபாரட், மறுபக்கம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். கேபிள் நீளம் 20 மீட்டர் என்றால் 1.2-ஐ 2.0-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்க, முதல் முனையிலிருந்து 12 மீட்டரில் அறுந்திருக்கிறது. ஒரே சீராகச் செய்த உறைக் கேபிளில் இது நன்றாகவே வரும். பைப்பில் தளர்வாகக் கிடக்கும் தனி வயர்களில் தோராயம்தான்.

ஷார்ட்டுக்குத் தடை அளவு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம், 1.5-க்கு 12.1 ஓம். போய்த் திரும்பும் இரண்டு வயரையும் சேர்த்தால் 2.5-இல் மீட்டருக்கு 0.0148 ஓம். மீட்டர் லீடுகளின் சொந்தத் தடையைக் கழித்த பிறகு 0.4 ஓம் காட்டினால் ஷார்ட் சுமார் 27 மீட்டர் தள்ளி. ஆனால் சாதாரண மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 ஓம், அந்த ஒரு இலக்கத்துக்கே கிட்டத்தட்ட 7 மீட்டர் வித்தியாசம். எனவே எந்த அறை என்று சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. மில்லிஓம் மீட்டர் கிடைத்தால் கதையே வேறு. இரண்டு முனையிலிருந்தும் அளந்து வித்தியாசத்தை எடுத்தால், கருகிய இடத்தின் சொந்தத் தடையும் கணக்கிலிருந்து போய்விடும்.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. உள்தடை 10 மெகாஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர், எதிலும் சேராத வயரில்கூட பத்து, ஐம்பது வோல்ட் என்று ‘பேய் வோல்டேஜ்’ காட்டும். குறைந்த உள்தடை மோடு உள்ள மீட்டரில் அது மறைந்துவிடும். மற்றது கன்டினியூட்டி பீப்: பல மீட்டர்களில் சில பத்து ஓம் இருந்தாலும் அது ஒலிக்கும். லூஸ் ஜாயின்ட்டில் இருப்பது அரை ஓமாக இருக்கலாம். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த அரை ஓம் 50 வாட் சூடாக மாறும். பீப் கேட்டுவிட்டு ‘லைன் நல்லா இருக்கு’ என்று மூடினால், பாக்ஸுக்குள் ஒரு சின்ன ஹீட்டரை விட்டுவைத்த மாதிரி.

## மெகர்: கசிவுக்கு வேறு வழியில்லை

மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. பலவீனமான இன்சுலேஷன் அந்தச் சில வோல்ட்டில் நல்ல பிள்ளையாக இருக்கும், 230 வோல்ட் வந்ததும் கசியும். இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவியான மெகர் 500 வோல்ட் டிசி கொடுத்து அளக்கிறது. ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச மின் விதிப்படி, 500 வோல்ட் வரையிலான சாதாரண சர்க்யூட்டில் இந்தச் சோதனையில் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். ஆரோக்கியமான வயரிங்கில் அதற்கு எவ்வளவோ மேலேதான் வரும். 1-ஐ ஒட்டி வந்தாலே யோசிக்க வேண்டும்.

மெகர் இடத்தைச் சொல்லாது, இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். இடத்தைப் பிடிக்கப் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். 8 பாக்ஸ் உள்ள சர்க்யூட்டை நடுவில் கழற்றி இரண்டு பக்கமும் அளந்தால் கோளாறு எந்த நாலில் என்று தெரியும். அதை மறுபடி பாதி, அதையும் பாதி. 3 தடவையில் ஒரு பாக்ஸுக்கு வந்துவிடலாம். சலிப்பான வேலைதான், ஆனால் பொய் சொல்லாது.

மறைமுகச் செலவு: எல்இடி டிரைவர், டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர் எதையாவது கழற்ற மறந்து 500 வோல்ட் கொடுத்தால் அது செத்துப்போகலாம். நீளமான கேபிள் சோதனைக்குப் பிறகும் சார்ஜை வைத்திருக்கும் என்பதால் டிஸ்சார்ஜ் ஆனதைப் பார்த்துவிட்டே தொட வேண்டும். பழக்கமில்லாதவர் இதை வாங்குவதைவிட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

## தெர்மல் கேமரா

லூஸ் கனெக்‌ஷனுக்கு மட்டும். லோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், பாதி லோடில் கால்வாசிச் சூடுதான் வரும், கோளாறு ஒளிந்துகொள்ளும். சுவருக்குள் ஆழமாக இருப்பது தெரியாது. போர்டும் சாக்கெட்டும்தான் இதன் எல்லை. கேமரா இல்லாதவர்கள், ஏஎம் ரேடியோவை எந்த நிலையமும் வராத இடத்தில் வைத்துக்கொண்டு போர்டு பக்கம் போய்ப் பார்க்கலாம். தீப்பொறி விடும் ஜாயின்ட் அருகே ‘கரகர’ அதிகமாகும். டிம்மரும் மட்டமான எல்இடி டிரைவரும் அதே சத்தம் போடும் என்பதால் இதைச் சாட்சியாக எடுக்க முடியாது, சந்தேகமாக மட்டும்.

## ஒரே பார்வையில்

| கருவி | ஓப்பன் | ஷார்ட் | லீக்கேஜ் | லூஸ் | லைனில் கரண்ட் |
|---|---|---|---|---|---|
| டெஸ்டர் பேனா | எந்த பாக்ஸ் வரை என்று | இல்லை | இல்லை | இல்லை | இருக்க வேண்டும் |
| டோனர் | நன்று | இல்லை | இல்லை | இல்லை | இருக்கவே கூடாது |
| வயர் டிரேசர் | மிக நன்று | சிரமம் | இல்லை | இல்லை | மாடலைப் பொறுத்து |
| மல்டிமீட்டர் | கொள்திறன் கணக்கு | தடைக் கணக்கு | பெரும்பாலும் தப்பிவிடும் | லோடில் வோல்ட் இறக்கம் பார்த்து | அளவைப் பொறுத்து |
| மெகர் | இல்லை | உறுதி செய்யும் | மிக நன்று | இல்லை | இருக்கவே கூடாது |
| தெர்மல் கேமரா | இல்லை | இல்லை | இல்லை | மிக நன்று | லோடு ஓட வேண்டும் |

## யாருக்கு எது

சொந்த வீட்டை மட்டும் பார்த்துக்கொள்பவருக்குப் பேனாவும், குறைந்த உள்தடை மோடு உள்ள மல்டிமீட்டரும் போதும். இரண்டையும் பயன்படுத்துமுன் கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் ஒரு தடவை, அணைத்த லைனில் ஒரு தடவை, மறுபடி முதல் இடத்தில் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பேட்டரி செத்திருந்தால் மூன்றாவதில்தான் தெரியும். எம்சிபி விழுந்துகொண்டே இருந்தால், தேடும் நோக்கத்தில்கூட அதைத் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டாம்.

ஆர்சிசிபி மட்டும் விழுகிறது, அதுவும் மழைக்காலத்தில் என்றால் எந்த பீப் கருவிக்கும் பணம் போட வேண்டாம். மெகரோ, மில்லிஆம்பியர் அளக்கும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரோ வைத்திருப்பவர் வரட்டும். லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் ஒரு வசதி, சர்க்யூட்டை அணைக்காமலே ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வி, கசிவின் அளவைப் பார்த்துவிடலாம்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் டிரேசருக்கு முன் மெகர் வாங்குவதே என் வோட்டு. டிரேசர் வேலையைச் சுலபமாக்கும். மெகர் இல்லாமல் சில வேலைகளைச் செய்யவே முடியாது.

பூச்சுக்குள் நேரடியாகப் பதித்த கேபிள் அறுந்திருந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே டிரேசரின் வாடகை, உடைக்காமல் தப்பிய சுவரிலேயே திரும்பி வந்துவிடும்.

கடைசியாக இன்னொரு வழி, யாரும் பட்டியலில் சேர்க்காதது: தேடாமல் விட்டுவிடுவது. வயர் பைப்பில் ஓடுகிறது, கோளாறு இந்த இரண்டு பாக்ஸுக்கு நடுவில் என்று தெரிந்துவிட்டது என்றால், சரியான புள்ளியைக் கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது? பைப்புக்குள் ஜாயின்ட் போடவும் கூடாது. பைப்பில் அறுபடாத பழைய வயர் ஒன்றின் முனையில் புது வயர்களைக் கட்டி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இழுக்க வரவில்லை, நடுவில் சிக்கி நிற்கிறது என்றால், பைப் நசுங்கியோ ஆணி பாய்ந்தோ இருக்கும். வெளியே வந்த வயரின் நீளத்தை அளந்தால் எங்கே சிக்கியது என்பதும் தெரிந்துவிடும்.